மறதி இல்லாத மறதிநோய்: கருவிக் குறிப்புகள்

ஜூன் 3
எஃப்டிடி என்று சுருக்கிச் சொல்லப்படும் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவில் (மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் தாக்கும் மறதிநோய் வகை) முதலில் கெடுவது பெரும்பாலும் ஞாபகம் அல்ல. நடத்தை, இல்லாவிட்டால் பேச்சு. பத்துச் சொல்லைச் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்கும் செயலி இங்கே ஏமாற்றும். மதிப்பெண் நன்றாகவே வரும், வீட்டில் மட்டும் ஓயாத ரகளை. வட அமெரிக்காவில் 360 பேர் வீட்டிலிருந்தபடியே கைபேசிச் செயலியில் சோதனை செய்த ஆய்வு 2024-இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் மருத்துவ இதழில் வெளியானது. அந்தச் செயலியிலும் மூளையின் கட்டுப்பாட்டுத் திறனுக்கான சோதனைகள் முக்கிய இடம் பெற்றன.

ஜூன் 5
கைபேசியில் கட்டுப்பாட்டுச் சோதனை: திரையில் பச்சை வந்தால் தட்டு, சிவப்பு வந்தால் தட்டாதே. பிழைகளை ஒன்றாகக் கூட்டிவிட்டால் இந்தச் சோதனை வீண். சிவப்புக்கும் தட்டினால் கட்டுப்பாடு தளர்கிறது. பச்சைக்கும் தட்டாவிட்டால் அக்கறையின்மை, அல்லது வெறும் தூக்கக் கலக்கம். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.
60 ஹெர்ட்ஸ் திரை சுமார் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் புதுப்படம் வரையும். தொடுதிரையின் தாமதம் தனி. நடுவில் கைபேசியை மாற்றினால் நோய் முற்றியதுபோலத் தெரியும். ஒரே கைபேசி, ஒரே நேரம், பேட்டரி சேமிப்பு அணைந்திருக்க வேண்டும். பழகப் பழக மதிப்பெண் ஏறும் என்பதால் முதல் இரண்டு தடவையைப் பயிற்சியாக ஒதுக்கிவிடுகிறோம். பக்கத்திலிருப்பவர் "அதைத் தொடுங்கப்பா" என்றால் அன்றைய கணக்கும் போச்சு.

ஜூன் 9
பேச்சுப் பதிவு. ஒரே படத்தைக் காட்டி ஒரு நிமிடம் பேசவிடுவது. கைபேசி வாயிலிருந்து 30 செ.மீ., கோப்பு சுருக்கப்படாத வேவ் வடிவில், மின்விசிறி நிறுத்தம். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும். இரைச்சல் நீக்கி ஓடினால் மெல்லிய ஒலிகளையும் விழுங்கிவிடும், பிறகு மௌனத்தை அளந்து பயனில்லை. கால் விநாடிக்கு மேற்பட்ட இடைவெளிகளை மட்டும் எண்ணுகிறோம்.
ஆங்கிலத்துக்காகச் செய்த கருவியை அப்படியே தமிழுக்குப் போட்டால் ‘வந்து’, ‘அதாவது’ எல்லாம் தடுமாற்றக் கணக்கில் ஏறும். நல்ல திடமான ஆள்கூட அவற்றைச் சொல்லாமல் பேசமாட்டார். அவரவர் பழைய பதிவோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

ஜூன் 10
கைக்கடிகாரம்: பழகாத கையில், ஒரு விரல் நுழையும் இறுக்கத்தில். சார்ஜ் குளிக்கும் நேரத்தில்.
உட்கார்ந்த இடத்திலேயே தொடையைத் தேய்த்துக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் இருப்பது இந்நோயில் வரக்கூடியது. கடிகாரம் அதை நடை என்று எண்ணிவிடும். அடி எண்ணிக்கை ஏறி, ஜிபிஎஸ் அசையாமல் இருந்தால் அது நடையல்ல. அந்த எண்ணிக்கையை அழிக்காமல் வேறு பெயரில் சேர்க்கவும். அதுவே ஒரு அறிகுறி.

ஜூன் 14
எல்லை தாண்டினால் அலறும் ஜிபிஎஸ் வேலிக்கு இங்கே வேலை குறைவு. ஆரம்பத்தில் வழி தவறுவது அரிது. ஒரே தெருவை ஒரே மணிக்குச் சுற்றுவதுதான் அதிகம். எத்தனை சுற்று என்று பார்க்கவேண்டும். 50 மீட்டர் வேலி போட்டால் சுவரோரம் ஜிபிஎஸ் தடுமாறும்போதெல்லாம் பொய் அலாரம். மூன்றாம் நாள் வீட்டார் அதை அணைத்துவிடுவார்கள்.
கட்டுப்பாடு தளரும்போது பணம் போகும் வழியையும் கவனிக்கவேண்டும்: வங்கிச் செயலியில் நாள் வரம்பைக் குறைத்து, எஸ்எம்எஸ் தகவல் இன்னொருவர் எண்ணுக்கும் போகும்படி வங்கியில் கேட்கலாம்.

ஜூன் 15
இந்த அளவுகளை வாரந்தோறும் குறிக்கும் அட்டையில் கடைசிக் கட்டம் வீட்டாருக்கு. ஒரே வரி போதும்: "இனிப்பு டப்பாவை ஒளித்து வைத்தோம், கண்டுபிடித்துக் காலி செய்துவிட்டார்." எந்த உணரியும் இதைத் தராது.