இங்கிள்பரோ சுற்றுநடை: தண்ணீரை வைத்துப் போட்ட வழி

வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸில், கிளாப்பம் என்ற சின்ன ஊரிலிருந்து இங்கிள்பரோ மலை ஏறி, வேறு பக்கமாக இறங்கி, அதே ஊருக்குத் திரும்பும் ஒருநாள் நடைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். தங்கையும் வருகிறாள். இதுவரை எங்கே வந்து நிற்கிறது என்பதை எழுதி வைக்கிறேன்.

கையில் இருப்பது ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு வரைபட நிறுவனத்தின் ஓ.எல். 2 வரைபடம். நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். மற்ற மலைகளில் உயரக் கோடுகளைத்தான் முதலில் பார்ப்பேன். இங்கே நீலக் கோடுகளைத் தேடினேன். மலையின் தோளில் ஓடை வருகிறது, திடீரென்று கோடு நின்றுவிடுகிறது. கீழே எங்கோ ஒரு பள்ளத்தாக்கில் மறுபடி தொடங்குகிறது. நடுவில் தண்ணீர் பாறைக்குள் போகிறது. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வழி பண்ணிக்கொள்வதால் மேலே ஓடை தங்குவதில்லை. போகிற வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கே உதவாது. ஆளுக்கு இரண்டு லிட்டர், ஊரிலிருந்தே சுமந்து போவதாக முடிவு.

இந்தத் தண்ணீர்க் கதையை நேரில் பார்க்க, ஏறும் பாதையின் முதல் பாதியை மட்டும் நடந்து வந்தோம். இங்கிள்பரோ குகையின் பக்கத்தில் பாறை அடியிலிருந்து ஓடை வெளியே வருகிறது. அதைத் தாண்டி ட்ரோ கில் என்ற ஒடுங்கிய பள்ளத்துக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், காலடியில் உருண்ட கற்கள், சொட்டுத் தண்ணீர் இல்லை. பனியுகத்து உருகுநீர் அறுத்த பள்ளம் இது. இப்போது அதில் ஆட்கள்தான் போகிறார்கள். மேலே ஏறி வெட்டவெளிக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஓடைச் சத்தம். அது ஃபெல் பெக். புல்வெளியில் சாதுவாக வந்து, கேப்பிங் கில் என்ற பெரிய குழிக்குள் சுமார் 100 மீட்டர் நேராக விழுகிறது. 1895-இல் மார்ட்டெல் என்ற பிரெஞ்சுக்காரர் கயிற்று ஏணியில் இதன் அடிவரை முதன்முதலாக இறங்கினார். உள்ளே விழும் தண்ணீர் வெளியே வருவது நாங்கள் கீழே பார்த்த அந்தக் குகைக்கருகில்தான். மனிதர்கள் நிலத்தடியிலேயே அந்த வழியைக் கடந்து இரண்டையும் இணைக்க 1983 ஆயிற்று. குழியின் விளிம்பில் புல் ஈரமாகச் சாய்ந்து இறங்குகிறது. தள்ளி நின்றே பார்க்க வேண்டும். மே கடைசியிலும் ஆகஸ்டிலும் குகைச் சங்கத்தார் வின்ச் என்ற கயிறு சுற்றும் இயந்திரம் வைத்துப் பொதுமக்களை உள்ளே இறக்குகிறார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரங்களைத் தவிர்க்கலாம். நான் அடுத்த முறை அதற்காகவே போவேன்.

அன்று கற்றுக்கொண்ட இன்னொன்று, எந்தத் திசையில் சுற்றுவது என்பது. ட்ரோ கில்லின் மேல்முனையில் பல்லாயிரம் பூட்ஸ் தேய்த்த சுண்ணாம்புக்கல், தூறலில் எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி வழுக்கியது. அதில் கையூன்றி ஏறுவது சுலபம், களைத்த காலோடு இறங்குவது ஆபத்து. ஆகவே ட்ரோ கில் வழியே ஏற்றம், கிழக்குப் பக்கம் இறக்கம் என்று வைத்துக்கொண்டோம்.

சரி, நேரக் கணக்கு. மொத்தச் சுற்று சுமார் 16 கிலோமீட்டர். உச்சி 723 மீட்டர், ஏற்றம் 600-ஐ ஒட்டி. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன பழைய விதி: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. அதன்படி நாலே கால் மணி நேரம் வருகிறது. அது நிற்காமல் நடப்பவர் கணக்கு. புளிசாதம் சாப்பிட, படம் எடுக்க, சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளுக்குள் எட்டிப் பார்க்க எல்லாம் சேர்த்து ஆறரை மணி வைத்திருக்கிறேன். கிளாப்பம் ஸ்டேஷன் ஊரைவிட்டுச் சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. லீட்ஸிலிருந்து வரும் ரயிலும் நாளுக்குச் சிலதான். திரும்பும் ரயிலை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன்.

எனக்குக் கவலை தரும் இடம் உச்சிதான். மேலே சுண்ணாம்பு கிடையாது, கடினமான மணற்கல் மூடி. அதனால்தான் தலை தட்டையாக நிற்கிறது. பரந்த மேடு என்பதால் மேகம் இறங்கிவிட்டால் எந்த ஓரமும் ஒன்றுபோலத் தெரியும். கிழக்கே போகும் பாதை வடகிழக்கு மூலையிலிருந்து இறங்குகிறது. விளிம்பைத் தாண்டியதும் அது பிரிகிறது: இடப்பக்கம் போனால் சேப்பல்-லெ-டேல், வலப்பக்கம் போனால் ஹார்ட்டன். நமக்கு வலப்பக்கம். திசைகாட்டியை மேலே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று பையின் அடியில் வைக்கக் கூடாது, கழுத்தில் தொங்க வேண்டும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

அங்கிருந்து சல்பர் நிக் என்ற இடம் வரை இறங்கி, குறுக்கே வரும் பாதையில் தெற்கே திரும்பி, லாங் லேன் வழியாக ஊருக்கு. இந்தப் பகுதியில்தான் சுண்ணாம்புக்கல் தளங்கள் விரிகின்றன. வெடிப்புகளுக்குள் காற்றும் ஆடும் எட்டாத நிழலில் பெரணி செழித்திருக்கும். கடைசியில் ஊருக்குள் நுழைவது இருண்ட சுரங்கப்பாதை வழியாக, அதனால் தலைவிளக்கும் பையில் உண்டு.

நார்பர் பாறைகளை இந்தச் சுற்றில் சேர்க்கவில்லை. தனியாக அரைநாள் போய்ப் பார்த்தோம். பனிப்பாறை இழுத்துவந்து போட்ட கருநிறப் பாறைகள், தம்மைவிட இளைய சுண்ணாம்புக்கல் பீடத்தின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. சுற்றியுள்ள சுண்ணாம்பு மழையில் கரைந்து தாழ, கல்லின் அடியில் இருந்தது மட்டும் நனையாமல் உயரமாக நின்றுவிட்டது. சில இடங்களில் பீடம் 30 சென்டிமீட்டருக்கும் மேல். அவசரமாகத் தாண்டிப் போக மனசு வராத இடம். அதைச் சேர்த்தால் நடுத்தர நடை என்று சொல்ல முடியாது.

மிச்சம் இருப்பது வானிலை. கேப்பிங் கில்லை அடையும்போது உச்சி மேகத்துக்குள் இருந்தால் மேலே போவதில்லை. வழுக்கும் ட்ரோ கில்லில் இறங்க வேண்டியிருக்கும், ஆனால் மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக. அப்புறம் கிளாப்டேல் பண்ணைப் பாதையைப் பிடித்து ஊருக்கு வந்து, முந்தைய ரயிலில் ஏறிக்கொள்வோம்.