நடக்க விட்ட நாள்

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, இந்த வருஷம் நீங்க கடக்வாஸ்லா பத்தி எழுதணும். ஆனா பாசிங் அவுட் பரேடு வேண்டாம், அதை எல்லாரும் எழுதிட்டாங்க" என்றார். நல்லதாகப் போயிற்று. பயிற்சி முடித்து வெளியேறும் அந்த அணிவகுப்பை இப்போது யார் வேண்டுமானாலும் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். யாரும் படம் பிடிக்காத ஆறு மாதம் ஒன்று உண்டு, முதல் டேர்ம். அமராவதி நகர் சைனிக் பள்ளியிலிருந்து என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) போனவர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும், எந்த வருஷத்துக்காரர்களாக இருந்தாலும், பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்குக் கொஞ்சம் விவரம். புனே அருகே, கடக்வாஸ்லா ஏரிக்கரையில் இருக்கிறது தேசியப் பாதுகாப்பு அகாடமி. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் போகிற பையன்கள் ஒன்றாகவே படித்துப் பயிற்சி பெறுகிறார்கள். 1949 ஜனவரியில் டேராடூனில் தொடங்கிய ஏற்பாடு அது. அதே ஆண்டு அக்டோபரில் நேரு கடக்வாஸ்லாவில் அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரி 16 அன்று முறைப்படி திறந்தார்கள். மொத்தம் மூன்று வருஷம், ஆறு டேர்ம். ஆறு மாதத்துக்கு ஒரு புது கோர்ஸ் உள்ளே வரும், ஒரு கோர்ஸ் வெளியே போகும். கேடட்களைப் பிரித்து வைத்திருக்கும் ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் ஆறு டேர்ம்காரர்களும் ஒரே கட்டடத்தில்தான் குடியிருப்பார்கள். ஆக, முதல் டேர்ம் பையனுக்கு மேலே ஐந்து கோர்ஸ் சீனியர்கள். கீழே யாரும் இல்லை.

போன அன்றைக்கே முடி போய்விடும். ஆளுக்கு ஒரு கேபின், ஒரு சைக்கிள், சட்டை முதல் சாக்ஸ் வரை கணக்கெழுதித் தந்த சாமான்கள். இரண்டாவது நாளிலிருந்து நடை கிடையாது. ஃபர்ஸ்ட் டெர்மர் நடக்க மாட்டான், ஓடுவான். குளிக்கப் போனாலும் ஓட்டம், தபால் வாங்கப் போனாலும் ஓட்டம். வகுப்புக்குச் சைக்கிளில் போகும்போதுகூட வரிசை பிசகக் கூடாது. பிசகினால் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம் சைக்கிளைச் சுமப்போம்.

நம் பள்ளிப் பையன்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஐந்தரை மணி விசிலும், வரிசையில் நிற்கும் ஃபால்-இன்னும், கத்தி முள்கரண்டியும் புதிதல்ல. ஊரிலிருந்து நேராக வந்த பையன்கள் மெஸ்ஸில் கோழிக்காலை முள்கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தபோது நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். ஆனால் மொழி எங்களையும் விடவில்லை. ஸாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், தேஸ் சல் எல்லாம் என்.சி.சி. புண்ணியத்தில் தெரியும். டிரில் சொல்லித்தரும் உஸ்தாத் அதோடு நிறுத்தினால்தானே? கட்டளைக்கும் கட்டளைக்கும் நடுவில் அவர் நம் நடையைப் பற்றியும், நம்மைப் பெற்றவர்கள் நம்மிடம் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பற்றியும் விளக்கமாகப் பேசுவார். அந்த இந்தி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. சில வாரங்களில் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்தபோதே நிம்மதி என்று திருச்சிப் பையன் ஒருவன் சொன்னான்.

கேள்வி பதில் வேறு. எந்த நேரத்திலும் ஒரு சீனியர் நிறுத்தி எதையாவது கேட்பார். சூடான் பிளாக்குக்கு ஏன் அந்தப் பெயர்? இரண்டாம் உலகப் போரில் சூடானைக் காக்கச் சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்களின் நினைவுக்காக அந்த நாடு ஒரு லட்சம் பவுண்டு தந்தது. பிரிவினைக்குப் பின் நம் பங்காக வந்தது 70,000. அதை வைத்து எழுந்ததுதான் குவிமாடம் வைத்த அந்தத் தலைமைக் கட்டடம். பரம்வீர் சக்ரா பெற்ற நம் அகாடமிக்காரர்கள் யார்? 1961ல் ஐ.நா. படையோடு காங்கோ போய் அங்கேயே உயிர்விட்ட சலாரியா. 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில் எரிகிற டாங்கை விட்டு இறங்க மறுத்த அருண் கேதர்பால். கேதர்பாலுக்கு அப்போது வயது 21. கேள்வி கேட்கும் சீனியருக்கு 20 இருக்கும், பதில் சொல்லும் எனக்கு 17. பரேடு மைதானத்துக்கு இன்று கேதர்பால் பெயர்தான். கார்கிலில் மனோஜ் பாண்டே மூன்றாவதாகச் சேர்ந்தது நாங்களெல்லாம் வெளியே வந்து பல வருஷம் கழித்து, 1999ல்.

இனி 'பட்டி பரேடு'. இதைச் சொல்லாமல் முதல் டேர்மைப் பற்றி எழுதவே முடியாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் யாரோ ஒரு ஃபர்ஸ்ட் டெர்மரின் பெல்ட் பக்கிள் மங்கலாக இருந்தது என்று தெரியவரும். தெரியவந்ததும் எல்லா ஃபர்ஸ்ட் டெர்மர்களும் கட்டடத்தின் முன்னால் ஆஜர். கார்ப்பரல் பொறுப்பில் இருக்கும் சீனியர் கட்டளை போடுவார்: "நாலு நிமிஷம், பி.டி. உடையில் வா." மாடிக்கு ஓடு, மாற்று, இறங்கு. "மூணு நிமிஷம், டிரில் உடை." திரும்ப ஓடு. பூட்ஸ், கணுக்காலில் மாட்டும் ஆங்லெட், பெல்ட், தொப்பி. "மூணு நிமிஷம், டை கட்டி மெஸ் உடை." அப்புறம் நீச்சல் உடை, டிசம்பர் குளிராக இருந்தாலும் அதேதான். கடைசியாக வருபவனுக்காக மொத்தக் கூட்டமும் ஃப்ரண்ட் ரோல், அதாவது குட்டிக்கரணம், போடும். எல்லாம் முடிந்ததும் கார்ப்பரல் மெதுவாகச் சொல்வார்: "பத்து நிமிஷத்தில் கேபின் இன்ஸ்பெக்‌ஷன்." அதற்குள் கேபினில் எல்லாத் துணியும் தரையில் மலையாகக் கிடக்கும்.

முதல் சில இரவுகளில் ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஓடினோம். கெட்டிக்காரன் முதலில் வந்து நிற்பான், மற்றவர்களுக்காகக் காத்திருந்து அவனும் உருளுவான். பிறகு கணக்கு புரிந்தது. முன்னால் வந்து ஒரு லாபமும் இல்லை. எங்களில் ஒருவனுக்கு விரல்கள் தடித்தவை, ஆங்லெட் பக்கிள் அவனுக்குப் பிடிபடாது. இரண்டு பேர் அவன் காலடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு காலை முடித்துவிடுவோம், அதற்குள் அவன் மேலே பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருப்பான். டை கட்டத் தெரியாதவர்களின் டைகளை முடிச்சை அவிழ்க்காமலேயே ஒருவன் ஆணியில் மாட்டி வைத்திருப்பான், எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வெளியே நேரம் சொல்ல ஒருவன். ஒரு மாதத்தில் அந்த மாடி ரயில்வே பிளாட்பாரம்போல இரைச்சலாக, ஆனால் நேரம் தவறாமல் ஓடியது. ஒரு ராத்திரி நாங்கள் எல்லாரும் சொன்ன நேரத்துக்குள் கீழே வந்து நின்றோம். கார்ப்பரல் வாட்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "ஏமாற்றுகிறீர்கள்" என்று சொல்லி எல்லாரையும் உருளவிட்டார். அன்று உருளும்போது எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பள்ளியில் சீனியரை அண்ணா என்போம். இங்கே எல்லாருமே சார். பக்கத்து ஸ்குவாட்ரனில் நம் பள்ளிக்காரர் ஒருவர் நாலாம் டேர்மில் இருந்தார். முதல் வாரமே என்னை நிறுத்தி, பத்துப் பேர் முன்னால் இந்தியில் கத்தினார். மற்றவர்கள் விலகியதும் குரலை இறக்கி, "சாப்பிட்டியாடா? காலில் கொப்புளம் இருந்தா ஊசியால குத்தாதே, எம்.ஐ. ரூமுக்குப் போ" என்றார், மருத்துவ அறையைச் சொல்லி. "சரி சார்" என்றேன். அண்ணா என்று வாய்வரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமைத் தண்டனைக்கு சிங்ககட் கோட்டை. அகாடமியில் எங்கே நின்றாலும் அந்த மலை கண்ணில் படும். 1670ல் தானாஜி மாலுசரே இரவோடு இரவாகப் பாறையில் ஏறி, கோட்டையை சிவாஜிக்குப் பிடித்துக் கொடுத்து உயிரையும் விட்ட இடம். மராட்டியப் பையன்கள் அதைப் பெருமையோடு சொல்வார்கள். முதுகில் மூட்டையோடு ஏறுகிற எங்களுக்குத் தானாஜி மேல் மரியாதை வேறு காரணத்தால் வந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன் என்பதால் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். நேரத்துக்குக் கட்டுப்படுவது, ஒருவன் தவறினால் எல்லாரும் ஏற்பது, களைத்த உடம்போடு யோசிப்பது, இவை நாளை முப்பது பேரை நடத்தப்போகிறவனுக்குத் தேவை. ஒரு பையன் மேல் கை வைப்பதும், தனியாகப் பிடித்து அவமானப்படுத்துவதும் வேறு. அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டினாலும் அது ராகிங்தான். எந்தப் பயிற்சி நிலையத்தில் நடந்தாலும் அது அந்தச் சீனியர் தன் வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அடையாளம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எங்களுக்கு உண்மையான பயம் தண்டனை இல்லை, ரெலிகேஷன்தான். படிப்பிலோ உடற்பயிற்சியிலோ தேறாவிட்டால் பின்னால் வரும் கோர்ஸோடு சேர்த்துவிடுவார்கள். ஆறு மாதம் போகிறது என்பதுகூடப் பெரிதல்ல. காலில் ஆங்லெட் மாட்டிவிட்டவர்கள் எல்லாம் ஒரு டேர்ம் மேலே போய்விடுவார்கள். எங்களோடு வந்த ஒருவன் அப்படி இறங்கினான். இப்போது பேரன் எடுத்துவிட்டான், இன்றும் எங்கள் கோர்ஸ் வாட்ஸப் குழுவில்தான் இருக்கிறான். அவனைச் சேர்த்துக்கொண்ட கோர்ஸ் குழுவிலும் இருக்கிறான். இரண்டு பக்கமும் வாழ்த்து அனுப்புவதால் அவனுக்குத்தான் பண்டிகை நாளில் வேலை அதிகம்.

ஃபர்ஸ்ட் டெர்மரை மனிதனாகச் சேர்த்துக்கொள்வதற்கு அதிகாரபூர்வமான வாசல் ஒன்று உண்டு: டிரில் ஸ்கொயர் டெஸ்ட். அதில் தேறாதவனுக்கு லிபர்ட்டி, அதாவது புனே நகருக்கு வெளியே போகும் அனுமதி, கிடையாது. ஒவ்வொருவனாகத் தனியே நடந்து வர வேண்டும். கை தோள் உயரம் போகிறதா, முட்டி மடிகிறதா, குதிகால் விழும் சத்தம் ஒன்றாகக் கேட்கிறதா, வலது பக்கம் சல்யூட் அடிக்கும்போது இடது கை ஆடாமல் உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அந்த இடது கைதான் காட்டிக்கொடுக்கும். வலது கை மேலே போனால் இடது கையும் ஏதோ செய்யப் பார்க்கும். தேறாதவர்களை எங்கள் உஸ்தாத் மதிய வெயிலில் திரும்ப நடக்கவிடுவார். தேறியவர்களும் நிழலில் உட்காராமல் எதிரே அதிகாரியாக நின்று அவர்களுடைய சல்யூட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல் லிபர்ட்டி அன்று டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குள் போனோம். கயானி பேக்கரியில் ஷ்ரூஸ்பரி பிஸ்கட். பிறகு தமிழ்க்குரல் கேட்கும் ராஸ்தா பேட்டில் இட்லி, சாம்பார், திரும்ப இட்லி. வீதியில் எங்களையறியாமல் மூன்று பேரும் ஒரே காலை எடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

நான் இப்போது குடியிருப்பது அமெரிக்காவில், மேரிலாந்தில். பக்கத்தில் அன்னாபோலிஸ் கடற்படை அகாடமி. அங்கே முதல் வருஷம் முடிவதற்கு ஒரு சடங்கு உண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பார்த்தேன். 1857ல் புயலில் சிக்கிய கப்பலிலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் இறக்கி அனுப்பிவிட்டுத் தான் கப்பலோடு மூழ்கிய கேப்டன் ஹெர்ண்டனின் நினைவுத்தூண் அங்கே நிற்கிறது. 21 அடி உயரம், வழவழப்பான கல். சீனியர்கள் அதில் கொழுப்பைப் பூசி, உச்சியில் முதல் வருஷக்காரர்களின் வெள்ளைத் தொப்பியை வைத்துவிடுவார்கள். மொத்த வகுப்பும் தோள்மேல் தோளாக ஏறி அதை எடுத்துவிட்டு, அதிகாரிப் பயிற்சித் தொப்பியை வைக்க வேண்டும். அத்தோடு அவர்கள் பிளீப், அதாவது முதல் வருஷக்காரர், அல்ல. 1995ல் இதற்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம். அடியில் நின்று கழுத்து நரம்பு புடைக்கத் தாங்குகிறவனை யாரும் படம் எடுப்பதில்லை. நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குத் தூண் இல்லை. கிராஸ் கன்ட்ரி இருந்தது. ஸ்குவாட்ரன்களுக்கு இடையிலான அந்த ஓட்டத்துக்காகப் பல வாரம் விடியுமுன் எழுந்து மேடும் பள்ளமும் ஓடிப் பழகுவோம். எல்லாரும் ஓட வேண்டும், பின்தங்குகிற ஒவ்வொருவனும் ஸ்குவாட்ரனுக்கு நஷ்டம். போட்டி அன்று எங்களில் ஒருவன் கடைசி ஏற்றத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். முன்னால் போய்விட்டிருந்த அதே பட்டி பரேடு கார்ப்பரல், ஐந்தாம் டேர்ம்காரர், இறங்கி ஓடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தோம். அவன் பக்கத்தில் அவன் வேகத்துக்கே ஓடினார், "அந்தக் கம்பம் வரைக்கும்", "இந்த மரம் வரைக்கும்" என்று சொல்லிச் சொல்லி. நாங்கள் மூன்று பேர் அவன் மறுபக்கம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவன் வாந்தி எடுத்தான்; கார்ப்பரலின் காலில்.

அன்று மாலை மெஸ்ஸுக்குப் போக வழக்கம்போல ஓடத் தொடங்கினோம். கார்ப்பரல் வராண்டாவில் நின்றிருந்தார். காலில் வேறு ஷூ. எங்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு பெயரும் தவறவில்லை. அதுவரை நாங்கள் எல்லாரும் அவருக்கு 'யூ தேர்'. "நடந்து போங்கள்" என்றார். எப்படி நடப்பது என்று எங்களுக்கு உடனே பிடிபடவில்லை. கொஞ்ச தூரம் போய் அவர் பார்வை மறைந்ததும் பழக்க தோஷத்தில் மறுபடி ஓடிவிட்டோம்.

இப்போது நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்தும் கேள்வி வருகிறது, பெண்களைப் பெற்றவர்களிடமிருந்தும்தான். 2022ல் பெண் கேடட்கள் சேர்ந்து, 2025 மே 30 அன்று அவர்களில் முதல் 17 பேர் பாசிங் அவுட் ஆன பிறகு அது இயல்பாகிவிட்டது. என்ன சொல்லி அனுப்பலாம் என்று கேட்பார்கள். நீச்சல் கற்றுக்கொடுங்கள், கடக்வாஸ்லாவில் போய்க் கற்பது கஷ்டம். இந்தியில் திட்டு வாங்கும் அளவுக்காவது பழக்கிவிடுங்கள். பூட்ஸ் கயிறு நாலு ஜோடி அதிகமாக வையுங்கள். முறுக்கும் அதிரசமும் டின்னில் அடைத்துக் கொடுப்பதாக இருந்தால் ஒரு டின்னோடு நிற்காதீர்கள். கேபினில் இருப்பது ஒரு பிள்ளைதான் என்றாலும், முதல் ராத்திரியே டின்னைத் திறக்கப்போவது மொத்த கோர்ஸும்.