கோரிமேடு, அக்டோபர்

அக்டோபர் 13

அப்பாவை ஐசியூவில் சேர்த்தாயிற்று. மூச்சுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. வேறெதுவும் எழுத வரவில்லை.

அக்டோபர் 14

கடித்த இடமே தெரியவில்லை. கணுக்காலுக்கு மேலே டாக்டர் டார்ச் அடித்துக் காட்டினார். கொசுக்கடி அளவுகூட இல்லை. வீக்கமில்லை, ரத்தமில்லை. கட்டுவிரியன் பாம்பு கடித்தால் அப்படித்தான். தோப்புக் கொட்டகையில் தரையில் பாய் போட்டுப் படுத்தவர், விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து தானே நடந்துபோய் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார். வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவருக்கு இரண்டு இமையும் சரிந்துகொண்டே வந்தன. "தூக்கம் வருதா?" என்றாள் அம்மா. "தூக்கமில்லடி, கண்ணைத் தொறக்க முடியல" என்றார். பேச்சு மூக்கால் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், கன்னியக்கோயில் தாண்டும்போது எச்சில் விழுங்க முடியவில்லை. அரியாங்குப்பத்தில் பேச்சே நின்றுவிட்டது.

மழைக்காலத்தில் விடியற்காலை வயிற்றுவலியோடு ஒரு விவசாயி வந்து நின்றால், ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி.

அக்டோபர் 15

முதலில் பக்கவிளைவைத் தடுக்க அட்ரோபின், அப்புறம் தசையை எழுப்ப நியோஸ்டிக்மின் போட்டுப் பார்த்தார்கள். இமை அசையவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் போர்டில் வரைகிற படம்தானே. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற சேதி சொல்லும் வேதிப்பொருள் வெளியே வரும், குறுகிய இடைவெளியைக் கடக்கும், தசையின் மேலிருக்கும் ஏற்பியில் போய் உட்காரும். அந்த ஏற்பியே ஒரு கதவு. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளை. இரண்டு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் துளை திறக்கும், சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். எல்லாம் மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடும். உடனே ஒரு நொதி வந்து அசிட்டைல்கோலினை உடைத்துப் போட்டுவிடும், அடுத்த முறைக்கு இடம் காலியாக வேண்டுமே.

நல்ல பாம்பின் விஷம் பெரும்பாலும் அந்தக் கதவில் போய் உட்கார்ந்துகொள்ளும். நியோஸ்டிக்மின் நொதியைத் தடுத்து அசிட்டைல்கோலினைப் பெருக்கும். போட்டி போட்டு இடத்தைப் பிடிக்க வழியுண்டு. கட்டுவிரியனிடம் கதவை அடைக்கிற நச்சும் இருக்கிறது, அதோடு நிற்காமல் நரம்பு முனைக்குள்ளேயே போய்ச் சேமிப்பைக் காலிசெய்து முனையைச் சிதைக்கிற நச்சும் இருக்கிறது. அனுப்ப அங்கே எதுவும் இல்லாதபோது நியோஸ்டிக்மின் எதைப் பெருக்கும்?

முனை திரும்ப வளர வேண்டும். வளரும் என்கிறார் டாக்டர். நாள் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அக்டோபர் 16

பிபி ஏறி ஏறி இறங்குகிறது. உடம்பெல்லாம் வேர்வை.

அக்டோபர் 17

மாமா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணுமணி விரிஞ்சு கெடக்கும்மா. லைட் அடிச்சாங்க, அசையல. இனிமே நாம ஆக வேண்டியதைப் பாக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை, பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கட்டுவிரியன் கடியில் கண்மணியைச் சுருக்கும் நரம்பும் முடங்கிப்போகும். கண் அசையாது, இருமல் வராது, தானாக மூச்சு வராது. பிணம் போலவே இருக்கும், ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடையை அந்த நச்சுப் புரதங்கள் தாண்டுவதில்லை. டாக்டரும் மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த விஷத்துல கண்ணை வச்சு முடிவு பண்ணவே கூடாதுங்க ஐயா."

அப்படியென்றால் அப்பா உள்ளே முழுசாக இருக்கிறார். மாமா கட்டிலருகே நின்று சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா?

தூக்கத்துக்கு மிடசோலம் ஓடுகிறது. அதுவும் ஒரு கதவின் கதைதான். மூளையில் காபா என்ற, நரம்பை அடக்கும் வேதிப்பொருள் வந்து ஒட்டினால் திறக்கிற கதவுகள் உண்டு, திறந்தால் குளோரைடு உள்ளே வந்து நரம்பணு அடங்கும். மிடசோலம் தானாக எதையும் திறப்பதில்லை. காபா வரும்போது கதவை இன்னும் அடிக்கடி திறக்க வைக்கிறது. இந்தக் கதவை அதிகம் திறந்தால் அப்பா எதுவும் அறியாமல் தூங்குவார். குறைத்தால் முழித்துக்கொண்டு, இமையைக்கூடத் தூக்க முடியாமல், வென்டிலேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பார். எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்? அவர் முழித்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது, வேண்டவே வேண்டாம் என்றும் இருக்கிறது.

அக்டோபர் 18

கேட்கும் என்றே வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். யாரும் உள்ளே அழக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

அம்மா போய்க் காதோரம் குனிந்து, முந்திரிக் கொட்டைக்குப் பண்ருட்டியில் என்ன விலை, கரண்ட் பில் கட்டியாச்சு, செவலைப் பசு சினையாக இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். அப்பாவின் இமைகளை மூடிக் களிம்பு தடவி டேப் ஒட்டியிருக்கிறார்கள், கண் சிமிட்ட முடியாததால் காய்ந்துவிடுமாம். மானிட்டரில் இதயத்துடிப்பைப் பார்த்தேன். 104. அம்மா பேசும்போதும் 104.

அக்டோபர் 20

தூக்கமில்லை. காரிடாரில் உட்கார்ந்து, நரம்பை ஆராய்ந்த விஞ்ஞானி காட்ஸை நினைத்துக்கொண்டிருந்தேன். பெர்னார்ட் காட்ஸும் பால் ஃபாட்டும் தவளையின் தசையில் மின்முனையைச் செருகிவிட்டு, நரம்பைத் தூண்டாமல் சும்மா பார்த்திருக்கிறார்கள். எதுவும் நடக்கக் கூடாது. ஆனால் குட்டிக் குட்டியாக மின்துடிப்புகள் வந்துகொண்டே இருந்தன. 1952-இல் அதை எழுதினார்கள். நரம்பு முனை அசிட்டைல்கோலினைப் பொட்டலம் பொட்டலமாகத்தான் விடும் என்ற முடிவுக்குக் காட்ஸ் அங்கிருந்துதான் போனார், 1970-இல் நோபல் வந்தது. ஒரு பொட்டலத்தில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். யாரும் கூப்பிடாவிட்டாலும் நரம்பு அவ்வப்போது ஒரு பொட்டலத்தைத் தசைக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

கை அசையும் அளவுக்கு அது போதாது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் கை அசைவதற்கு முன்னால் அதுதான் திரும்ப வர வேண்டும். இந்நேரம் அப்பாவின் ஏதாவது ஒரு விரலில் வந்திருக்கலாம். எந்த மானிட்டரும் காட்டாது.

அக்டோபர் 21

சளி கட்டிக் காய்ச்சல். ஆன்டிபயாடிக் எழுதும்போது, அமைக்காசின் வேண்டாம், அது நரம்பு–தசை இணைப்பை இன்னும் அமுக்கும் என்று டாக்டர் தானாகவே சொன்னார். நான் கேட்கவிருந்தது அதைத்தான். அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

அக்டோபர் 23

காய்ச்சல் இறங்கியது. முதுநகரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார், துறைமுகத்தில் வலைக்காரர். மின்சாரம் அடிக்கிற திருக்கையை மிதித்தால் கால் எப்படி மரத்துப்போகும் என்று சொன்னார். நான் அவருக்கு இதைச் சொன்னேன்: 1963-இல் தைவானில் சாங், லீ என்ற இருவர் அந்த ஊர்க் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து ஒரு நச்சைப் பிரித்தார்கள். அது தசையின் ஏற்பியைப் பிடித்தால் லேசில் விடாது. மின்விலாங்கு, மின்திருக்கை இவற்றின் மின் உறுப்பில் அதே ஏற்பிதான் மண்டிக்கிடக்கிறது. 1970-ஐ ஒட்டி அந்த நச்சைக் கொக்கியாக வைத்துத்தான் ஏற்பியைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை அப்படி ஒரு பொருள் இருக்கிறது என்பது ஊகம்தான்.

"அப்ப உங்கப்பாவக் கடிச்சதுதான் படிக்கவும் வச்சதுன்னு சொல்ற" என்றார். ஆமாம் சித்தப்பா. மருந்தும் அதன் பல்லிலிருந்துதான் வருகிறது. வடநெம்மேலியில் இருளர்கள் பிடித்து விஷம் எடுக்கிற நாலு பாம்பில் அதுவும் ஒன்று.

அம்மா இன்றைக்கும் பாம்பைத் திட்டவில்லை. கிளினிக்கையும் திட்டவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 24

ஒன்றுமில்லை.

அக்டோபர் 25

இடது கால் கட்டைவிரல்!! நர்ஸ் அக்கா போர்வையை இழுத்துவிடும்போது பார்த்திருக்கிறார். நான் போய் நின்று "அப்பா, விரலை மடக்குங்க" என்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மடங்கியது. நகத்தில் தோப்பு மண் இன்னும் இருக்கிறது. "இன்னொரு தடவை" என்றேன், இன்னொரு தடவையும் மடங்கியது. அப்புறம் கேட்டபோது வரவில்லை, களைத்துவிட்டது. அனுப்பிய கொஞ்சம் தீர்ந்திருக்கும். சரி, சேரட்டும்.

மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் அழுதார், அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 26

மிடசோலத்தை நிறுத்திவிட்டார்கள். டேப்பை எடுத்ததும் இமை ஒரு கோடு அளவு திறந்தது. பசு ஈன்றுவிட்டதா என்று அம்மாவிடம் விரலால் கேட்க முடியாதே. ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை என்று சொல்லிக்கொடுத்தேன். "அன்னைக்கு மாமா பேசுனது கேட்டுச்சாப்பா?"

ஒரு தடவை.

அக்டோபர் 27

இன்று மெஷினை எடுத்துவிட்டு, குழாயோடு தானாக மூச்சுவிடச் சொல்லி அரை மணி நேரம் பார்க்கப் போகிறார்கள். கழுத்தைத் தலையணையிலிருந்து தூக்க முடிகிறதா என்று முதலில் பார்ப்பார்களாம். கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வந்து