காண்டாமிருகத்துக்குள் 42 கிலோமீட்டர்

லண்டன் பிரிட்ஜில் மாறி ஏறிய ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. எல்லாரும் மாரத்தான் தொடங்கும் பிளாக்ஹீத்துக்குப் போகிறவர்கள். எனக்கு எதிரே தேனீ வேடத்தில் ஒரு பெண். இறக்கைகளுக்கு நடுவே ஒரு பெரியவரின் படத்தைக் குத்தியிருந்தார், கீழே ‘அப்பாவுக்காக’ என்று கையால் எழுதியிருந்தது. 1981-இல் தொடங்கிய லண்டன் மாரத்தானில் வேடம் போட்டு ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள், சட்டையில் இருப்பதையும் ஒரு நிமிடம் படிக்க வேண்டும். இந்த ஓட்டத்தால் இதுவரை 100 கோடி பவுண்டுக்கும் மேல் தொண்டுப் பணிகளுக்குப் போயிருக்கிறது.

என் வேடம் காண்டாமிருகம். காண்டாமிருகங்களைக் காக்கும் ‘சேவ் தி ரைனோ’ அமைப்புக்காக 1990-களிலிருந்தே இங்கே காண்டாமிருகங்கள் ஓடுகின்றன. உடை சுமார் பத்து கிலோ. முதுகுப்பை மாதிரி தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும், கொம்பு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், கழுத்துப் பக்கத்துத் திறப்பு வழியாகத்தான் பாதை தெரியும்.

ஈஸ்ட் ஹாமில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் சித்திக்கு மனசே ஆறவில்லை. “காசுதானே வேணும்? நாங்க தர்றோம். உடம்பை ஏண்டா இப்படி வதைக்கிற?” என்றார். முதல் நன்கொடையும் அவருடையதுதான். ஆனால் காசு கேட்டால் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். காண்டாமிருகமாக வந்து நின்றால், “ஏன்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பத்து கிலோ.

கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கொம்பு என்பது நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான், அதற்காகத்தான் சுட்டுக் கொல்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் ஐந்து லட்சம் இருந்தன, இன்று ஐந்து இனங்களும் சேர்ந்தே ஏறத்தாழ 27,000. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆணான சூடான், 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. மிச்சம் இரண்டு பெண்கள். இதைச் சொன்னபோது சித்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கட்டி சார்க் கப்பலைச் சுற்றி வரும்போது பத்து கிலோமீட்டர். அதற்குள்ளேயே உடைக்குள் அனல். வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்கக் கை எட்டாது. சாலையோரம் தண்ணீர் நீட்டியவர்கள் திறப்புக்குள் கைவிட்டுக் கொடுத்தார்கள்.

டவர் பிரிட்ஜை மறக்கவே மாட்டேன். தேம்ஸுக்கு மேலே இரண்டு பக்கமும் மனிதச் சுவர். “கமான் ரைனோ!” என்ற கூச்சல் உடைக்குள் புகுந்து நெஞ்சில் அதிர்ந்தது. என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர்கள் கூப்பிட்டது அந்த விலங்கை.

பாலம் முடிந்து வலப்பக்கம் திரும்பினால் தி ஹைவே. எதிர்த்திசையில் 35 கிலோமீட்டரைக் கடந்தவர்கள் வந்துகொண்டிருந்தார்கள், எனக்கு அப்போதுதான் பாதி. கால் தளர்ந்துபோனது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், தானே நொண்டிக்கொண்டு ஓடியவர், என்னைப் பார்த்துக் கை தட்டினார்.

கேனரி வார்ஃபில் வார் அறுத்துத் தோள் எரிந்தது. உராயாமல் இருக்கப் பூசிய வாசலின் களிம்பு எப்போதோ கரைந்துவிட்டது. அப்போது லாயிட் ஸ்காட்டை நினைத்துக்கொண்டேன். தீயணைப்பு வீரராக இருந்தவர், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். 2002-இல் ஏறக்குறைய 59 கிலோ எடையுள்ள பழைய ஆழ்கடல் முக்குளிப்பு உடையில் இதே பாதையை ஐந்து நாளுக்கு மேல் நடந்தே முடித்தார். 2017-இல் டாம் ஹாரிசன் என்ற போலீஸ்காரர் கொரில்லா வேடத்தில் தவழ்ந்தே ஆறு நாளில் வந்து சேர்ந்தார். அடுத்த விளக்குக் கம்பம் வரை, அதற்கடுத்த கம்பம் வரை என்று நடையும் ஓட்டமுமாகப் போனேன்.

ஓட்டம் முடியும் தி மால் சாலை வந்தது. பதக்கத்தைக் கழுத்தில் மாட்ட இடமில்லாமல் கையில் வாங்கிக்கொண்டேன். உடையைக் கழற்றியதும் உடம்பில் பட்ட குளிர்காற்றை என்னவென்று சொல்வது!

அன்று இரவு சித்தி எண்ணெயைச் சூடு பண்ணித் தோளில் தடவிவிட்டார். எவ்வளவு பணம் சேர்ந்தது என்று கேட்பார் என நினைத்தேன்.

“அந்த ரெண்டும் இன்னும் இருக்குதாடா?”

“இருக்குது சித்தி. கென்யாவுலதான். அம்மாவும் மகளும்.”