ஐந்தாவது கட்டுரை

தீபாவளிக்கு மறுநாள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் கோலம் இன்னும் அழியவில்லை. தம்பி மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். கருவுற்ற தாயின் நோய் எதிர்ப்பு சக்தியைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைகள் 9. பிறர் அவற்றை மேற்கோள் காட்டிய தடவைகள் 61. எச் குறியீடு 4.

"நேர்காணலில் இந்த நான்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அத்தை. என்ன ஆராய்ச்சி என்று ஒருவரும் கேட்கவில்லை."

எச் குறியீடு என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. நான்கு கட்டுரைகள் தலைக்கு நான்கு மேற்கோளாவது பெற்றிருந்தால் குறியீடு நான்கு. ஐந்துக்கு ஐந்து வேண்டும். அவளுடைய வரிசை 23, 14, 9, 6, 4 என்று இறங்குகிறது. ஐந்தாவது கட்டுரைக்கு இன்னும் ஒரே ஒரு மேற்கோள் கிடைத்திருந்தால் ஐந்து ஆகியிருக்கும்.

அந்த ஐந்தாவது எது என்று கேட்டேன். நஞ்சுக்கொடியைப் பற்றியது என்றாள். மூன்று ஆண்டு உழைப்பு. பிரசவ அறைக்கு வெளியே இரவெல்லாம் காத்திருந்து, ஒவ்வொரு தாயிடமும் சம்மதம் கேட்டு, ஒரு துண்டு வாங்கிப் பனிப்பெட்டியில் வைத்து ஓடியிருக்கிறாள். சிலர் மறுத்துவிடுவார்களாம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புதைக்க வேண்டும், முழுசாக வேண்டும் என்பார்களாம். எனக்கு அது புரியும். முப்பத்தைந்து ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான், கழுவிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். 23 மேற்கோள் பெற்ற முதல் கட்டுரையோ, பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்து மூன்று மாதத்தில் எழுதியது.

அவளுடைய துறையின் மூலக் கேள்வியை 1953இல் பீட்டர் மெடாவர் எழுப்பினார். பிறர் தோலை ஒட்டினால் உடம்பு தள்ளிவிடுகிறது. பாதி தகப்பனுடையதான கருவைத் தாயின் உடம்பு எப்படிப் பத்து மாதம் வைத்துக்கொள்கிறது? தாயின் எதிர்ப்பு சக்தி மந்தமாகிவிடுகிறதோ என்பதும் அவர் சொன்ன ஊகங்களில் ஒன்று. அது மந்தமாவதில்லை என்பதற்கு எங்கள் குடும்பமே சாட்சி.

நான் 1958இல் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தேன். 1961இல் பிறந்த தங்கை முதல் நாளே மஞ்சளாகி மூன்றாம் நாள் போய்விட்டாள். 1963இல் ஒரு பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. தோஷம் என்றார்கள். மூத்தவளின் ராசி என்றும் சொன்னார்கள். அது என் காதிலேயே விழுந்தது. தாதிப் பயிற்சியில் இருந்தபோது அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்தேன். ஓ நெகட்டிவ். நான் பாசிட்டிவ். என் பிரசவத்தில் என் ரத்த அணுக்கள் கொஞ்சம் அம்மாவின் உடம்புக்குள் கசிந்திருக்க வேண்டும். அவற்றுக்கு எதிராக அம்மாவின் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப்போய் அடுத்த இரண்டு பிள்ளைகளின் சிவப்பணுக்களை அழித்துவிட்டது. 1966இல் பிறந்த தம்பி, அம்மாவைப் போலவே நெகட்டிவாக அமைந்ததால் பிழைத்தான். அவன் மகள்தான் இவள்.

இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே உருவாக்கின. நியூயார்க் குழுவின் ஜான் கார்மன் 1964இல் தன் சகோதரரின் மனைவிக்கே அதை அனுப்பிவைத்தார். அமெரிக்காவில் 1968இல் ரோகாம் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. அம்மாவுக்கு 1963இலேயே கிடைத்திருந்தாலும் பயன் இல்லை. எதிர்ப்பு ஊறிவிட்ட பிறகு அந்த ஊசி உதவாது. நான் பிறந்த மூன்று நாளுக்குள் போட்டிருக்க வேண்டும்.

மலாய்க்காரர், சீனரிடையே நெகட்டிவ் ரத்தம் மிக அரிது. நம்மவரிடையே அதைவிட அதிகம். அதனால் கிளினிக்கில் நெகட்டிவ் என்று அட்டை வந்தால் பெரும்பாலும் நம் பெண்ணாகத்தான் இருப்பாள். ஒவ்வொரு ஊசியையும் பதிவேட்டில் எழுதினேன்: தாயின் பெயர், நேரம், மருந்தின் தொகுதி எண். கார்மன் என்றோ, லிவர்பூலின் ரொனால்ட் ஃபின் என்றோ ஒரு நாளும் எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அந்தக் கையெழுத்துகளில் ஒன்றுகூட யாருடைய மேற்கோள் கணக்கிலும் ஏறவில்லை.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நிறுக்கும் கொட்டகையில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கணக்கை மூடமாட்டார். மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். மழை நாளில் வாளி கனக்கும், ரப்பர் குறையும். ஒரு பட்டதாரியை எடைபோட உட்கார்ந்தவர்கள் அந்த அளவுகூடப் பார்க்கவில்லையே என்று எனக்குக் கோபம். மேற்கோளே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தாவது கட்டுரையை மேற்கோள் காட்டிய நான்கில் ஒன்றைத் திறந்து இருவரும் படித்தோம். நஞ்சுக்கொடித் துண்டைக் கழுவிப் பாதுகாக்க இவள் எழுதிய முறையை அப்படியே பின்பற்றியிருந்தார்கள். எங்கோ ஓர் ஊரில், முகம் தெரியாத ஒருத்தி இவள் சொன்ன கணக்கில் நிமிடம் பார்த்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனிமேல் தொகுப்புக் கட்டுரைகளே எழுதிவிடலாமா, எண் சீக்கிரம் ஏறும் என்றாள். வேண்டாம் என்றேன். வேறொரு இடத்துக்கு அவள் தயாரித்து வைத்திருந்த விண்ணப்பத்தை எடுக்கச் சொல்லி, ஐந்தாவதாக இருந்த நஞ்சுக்கொடிக் கட்டுரையை முதல் வரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு மாற்றினாள். வெள்ளிக்கிழமை அனுப்புகிறாள்.