கூடைக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் எடுத்த சங்கரா, காரப்பொடி மீன்களை அன்னக்கூடையில் அடுக்கி, ஐஸை உடைத்துக் கொட்டி, நனைத்த சாக்கால் மூடிக்கொண்டு எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவுக்கு வருகிற அக்காவிடம்தான் பல வருடங்களாக மீன் வாங்குகிறேன். மே மாதத்தில் பத்து மணிக்கெல்லாம் சாக்கின் ஓரத்தில் தண்ணீர் சொட்டத் தொடங்கிவிடும். அதன் பிறகு அவர் சொல்கிற விலை வாசலுக்கு வாசல் இறங்கிக்கொண்டே போகும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், ஃபைபர் படகுகளில் வரும் கொஞ்ச மீனுக்கு ஏலத்தில் விலை ஏறியிருக்கும். “ஐஸுக்கே பாதி துட்டு போயிடுது கண்ணு” என்பார்.

காலநிலை மாற்றத்தையும் பெண்களுக்கு அதிகாரமளிப்பதையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விழிப்புணர்விலிருந்து தொடங்குகிறார்கள். வெயில் கூடியிருப்பதை அந்த அக்காவுக்கு யாரும் உணர்த்த வேண்டியதில்லை. அவருடைய நஷ்டம் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்பதே என் கேள்வி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. நிவாரண அறிவிப்பில் மீனவக் குடும்பத்துக்கு இடம் இருந்தது, படகுக்குத் தனியாக இருந்தது, கூடைக்கு இல்லை. எண்ணெய் வாடை அடிக்கும் என்ற பயத்தில் எங்கள் தெருவில் பல வாரம் யாரும் மீனைத் தொடவில்லை. எண்ணூர் மீன் இல்லை, காசிமேட்டு மீன் என்று அந்த அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நானும்தான் வாங்கவில்லை.

மீனவ மகளிர் பெயரிலேயே ஒரு சேமிப்பு நிவாரணத் திட்டம் உண்டு: அவர்கள் 1,500 ரூபாய் சேமித்தால், அரசின் பங்கோடு 4,500 ரூபாயாகத் திரும்பும். நல்ல திட்டம்தான், ஆனால் அது மீன் குறைகிற மாதங்களுக்கானது. 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தபோது, வெயிலில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றானது. வெயிலில் கெட்டுப்போன ஒரு கூடை மீனுக்கு அதில் இடமில்லை. விற்பவர்கள் பெயரில் பதிவும், அவர்களே பொறுப்பேற்று நடத்தும் ஒரு குளிர்பதன அறையும் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அதிகாரம் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் பொருள் வரும்.

போன மே மாதம், விற்காமல் மிஞ்சிய இரண்டு கூறு சங்கராவை அந்த அக்கா எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அதையும் நான்தான் வாங்கிக்கொண்டேன், பேரம் பேசவில்லை.