மூன்று முறை ‘கதவு பூட்டு’

அப்பா போன பிறகு சித்தப்பா மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம். நாங்கள் இருப்பது குடியாத்தம் பக்கம், சித்தப்பா இருப்பது காட்பாடியில். வழக்கு வேலூர் மாவட்டத்து நீதிமன்றம் ஒன்றில். ஒரு வருடமாகியும் சம்மன் சார்வாகவில்லை, அதாவது சித்தப்பா கைக்குப் போய்ச் சேரவில்லை. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போவோம். “சம்மன் திரும்பிடுச்சு, மறுபடி பேட்டா கட்டுங்க” என்பார்கள். பேட்டா என்பது சம்மன் அனுப்ப நீதிமன்றத்தில் கட்டும் கட்டணம். கட்டிவிட்டு வருவோம்.

ஒருநாள் வக்கீலிடம் கேட்டு, திரும்பிய சம்மன்களை நானே வாங்கிப் பார்த்தேன். பின்பக்கம் நீல மையில் மூன்று தேதிகள், மூன்றிலும் ஒரே குறிப்பு: ‘கதவு பூட்டு’. எனக்கு வயிறு எரிந்தது. அந்த வீட்டில்தான் என் ஆயா, அப்பாவின் அம்மா, இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து நான்கு வருடமாக வாசலை ஒட்டிய கட்டிலே கதி. பகலில் அந்தக் கதவை யாரும் பூட்டிப் பார்த்ததில்லை.

சம்மன் கொண்டுபோகிற ஊழியரை எங்கள் பக்கம் அமீனா என்போம். முதல் வாய்தாவுக்கு முன்பே அவர் என்னிடம் “வண்டிக்குப் பெட்ரோல்” என்று 500 ரூபாய் கேட்டிருந்தார். பேட்டா கட்டியாச்சே என்று மறுத்துவிட்டேன். “கொடுத்துட்டு வேலையைப் பாருங்க தம்பி” என்றார் குமாஸ்தா. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் சொல்லியாக வேண்டும்.

புகார் எழுதினால் நீதிபதிக்குக் கோபம் வந்து வழக்கே கெட்டுவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள். மொட்டைக் கடுதாசி போடச் சொன்னவர்களும் உண்டு. நான் பெயர், முகவரி, கையெழுத்தோடுதான் எழுதினேன். அந்த அமீனா எதிர்த்தரப்பிடம் பணம் வாங்கினார் என்று ஊரில் பேச்சு இருந்தது. அதை எழுதவில்லை, என்னால் நிரூபிக்க முடியாது. காகிதம் சொல்வதை மட்டும் எழுதினேன். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 5 விதி 17-இன்படி, ஆள் இல்லையென்றால் சம்மனைக் கதவில் ஒட்ட வேண்டும். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதையும் எழுத வேண்டும். மூன்று சம்மனிலும் அது எதுவுமே இல்லை.

ஆதாரம் ஆயாவிடமே கிடைத்தது. மூன்றாவது தேதியன்று காலையில்தான் வங்கி முகவர் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிக்கொண்டு அவருக்கு முதியோர் உதவித்தொகை கொடுத்திருக்கிறார். பாஸ்புக்கில் அதே தேதி. வழக்கு அவருடைய மகன் மேல்தான். ஆனாலும், “உள்ளதைத்தானே கேக்குற, எடுத்துட்டுப் போ” என்று தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கீழமை நீதிமன்ற நீதிபதி மேல் புகார் என்றால் பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் வேண்டும் என்பது 2014 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி உயர் நீதிமன்றங்களுக்கு எழுதிய கடிதம். என் புகார் ஊழியர் மேல்தான், இருந்தாலும் பிரமாணப் பத்திரம் வைத்தேன். சத்துவாச்சாரியில் முதன்மை மாவட்ட நீதிபதி அலுவலகத்தில் கொடுத்து, என் நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். அங்கே நகரவில்லை என்றால் அடுத்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்புப் பிரிவு. கீழமை நீதிமன்றங்கள் அரசியலமைப்பின் 235-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன.

புகாரோடு கலக்காமல் வழக்கைத் தனியாக வைத்தோம். வழக்கில் வக்கீல் ஒரு மெமோ, அதாவது நீதிமன்றத்துக்கு ஒரு சிறு எழுத்துக் குறிப்பு, மட்டும் போட்டார். நீதிபதி அந்த ஊழியரைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கிக் கேட்டார்: “அந்த வீட்டு வாசல் எந்தத் திசை? திண்ணை இருக்கா?” பதில் இல்லை. நீதிபதி குரலை உயர்த்தவே இல்லை. கேள்வியையும் அந்த மௌனத்தையும் பதிவு செய்தார். அதைப் பார்த்தபோதுதான் என் பயம் போனது. சம்மனை நாங்களே சார்வு செய்யவும் அனுமதித்தார், அடுத்த வாய்தாவுக்குச் சித்தப்பா வந்துவிட்டார்.

புகாரில் இரண்டு மாதம் கழித்து வாக்குமூலம் வாங்கினார்கள். அப்புறம் அந்த அமீனாவுக்கு 17பி மெமோ, அதாவது பெரிய தண்டனை வரக்கூடிய துறைரீதியான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கொடுத்ததாகத் தெரிந்தது. அந்த விசாரணையில் சாட்சி சொல்ல வரும் மாதம் எனக்கு அழைப்பு. ஆயாவின் பாஸ்புக்கை மறுபடியும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.